சேர்ந்த 60 பேர்ல டிகிரியோட எத்தனை பேர் போறாங்க? கிளாஸ் இன்சார்ஜுக்கு ஒரு கைடு

கடலூர், விருத்தாசலம், சிதம்பரம் பக்கம் கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல புதுசா ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ் இன்சார்ஜ் ஆகியிருக்கிற கெஸ்ட் லெக்சரர்ஸ், சின்ன வயசு ப்ரொஃபசர்ஸ் இவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன், பாண்டிச்சேரி பக்கம் இருக்கிறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். பிள்ளைங்களை காலேஜ் வாசல் வரைக்கும் கொண்டு வர்றதுல பெரிய மாநிலங்கள்ல தமிழ்நாட்டை அடிச்சுக்க ஆளில்ல, மத்திய அரசோட 2021-22 உயர்கல்வி சர்வேல (ஏஐஎஸ்ஹெச்இ) நம்ம உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்தியா மொத்தத்துக்கும் 28.4 தான். ஆனா அது உள்ள வந்தவங்க கணக்கு. டிகிரி வாங்கி வெளிய போனவங்க கணக்கு எங்கனு கேட்டா ஆபீஸ்ல ஒருத்தரை ஒருத்தர் பாப்பாங்க.

அதனால முதல்ல கணக்கு. இதை ஒழுங்கா போடலைன்னா மத்ததெல்லாம் வீண்.

நம்ம காலேஜ்கள்ல சொல்ற பாஸ் பர்சன்டேஜ் இருக்கே, அது பரீட்சை எழுதினவங்களை வச்சு போடறது. கணக்குக்காக ஒரு கிளாஸை எடுத்துக்கலாம், ஃபர்ஸ்ட் இயர்ல 60 பேர் சேர்ந்தாங்க, செகண்ட் இயர் திரும்பி வந்தது 46, ஃபைனல் செமஸ்டருக்கு ஹால் டிக்கெட் வாங்கினது 40, அந்த செமஸ்டர் பேப்பர்லாம் பாஸ் ஆனது 34. உடனே 34க்கு 40, 85 சதவீதம்னு மீட்டிங்ல கைத்தட்டல் வாங்கிடுவாங்க. அந்த 34 பேர்லயும் பழைய செமஸ்டர் அரியர் எதுவும் இல்லாம மூணே வருஷத்துல முடிச்சவங்க 27 பேர்னா உண்மையான நம்பர் 60க்கு 27, அதாவது 45 சதவீதம். ரெண்டும் ஒரே கிளாஸ்தான்!

இது நான் கிளப்பி விடுற விஷயம் இல்ல, மத்திய அரசு காலேஜ்களுக்கு போடற என்ஐஆர்எஃப் ராங்கிங்ல கிராஜுவேஷன் அவுட்கம்னு ஒரு பகுதி இருக்கு, அதுல குறிச்ச காலத்துக்குள்ள பாஸ் ஆனவங்களை அனுமதிச்ச சீட்டோட எண்ணிக்கையை வச்சுத்தான் பாக்கிறாங்க, 80 சதவீதம் இருந்தா முழு மார்க். அமெரிக்காவுலயும் பேட்ச் வாரியா சேர்ந்தவங்களை வச்சுத்தான் கணக்கு, செகண்ட் இயர் திரும்பி வந்தவங்க எத்தனை பேர்னு ஒண்ணு, நாலு வருஷ டிகிரியை ஆறு வருஷத்துக்குள்ள முடிச்சவங்க எத்தனை பேர்னு இன்னொண்ணு, இந்த ரெண்டாவது கணக்கை வெளியிடணும்னு 1990லயே அங்க சட்டம் போட்டுட்டாங்க.

ஆக அட்மிஷன் முடிஞ்ச அன்னைக்கே நாமினல் ரோலை, அதாவது சேர்ந்தவங்க பேர் பட்டியலை, ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க. எக்ஸெல்லோ நோட்டோ உங்க இஷ்டம். ஒவ்வொரு பேருக்கும் நேரா முதல் செமஸ்டர் எக்ஸாம் எழுதினாங்களா, ரெண்டாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டினாங்களா, செகண்ட் இயர் வந்தாங்களா, அரியர் எத்தனைன்னு தனித்தனி கட்டம் போட்டுருங்க, யார் பேரையும் அடிக்காதீங்க, போனவங்க பேர் அப்படியே இருக்கட்டும், பக்கத்துல ஏன் போனாங்கன்னு மட்டும் எழுதுங்க. நர்சிங் கிடைச்சு போனவங்க, இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சீட் வந்து போனவங்க, ஐடிஐ போனவங்க இதெல்லாம் படிப்பை விட்டதா ஆகாது, தனியா குறிச்சுக்கங்க. மிச்சம் இருக்கிறவங்கதான் நம்ம கவலை.

அடுத்தது போன் நம்பர். சிரிக்காதீங்க, இதுதான் இருக்கிறதுலயே முக்கியமான வேலை. நம்ம பசங்க அப்ளிகேஷன் போட்டது ப்ரவுசிங் சென்டர்ல, அங்க ஓடிபி வரணும்னு கடைக்காரர் நம்பரையே போட்டு விட்டிருப்பார், இல்லன்னா ஊர்ல யாராவது மாமா நம்பர் இருக்கும். ஆள் வராம போன அப்புறம் அந்த நம்பருக்கு கூப்பிட்டு பிரயோஜனம் இல்ல. முதல் வாரத்துலயே அம்மா நம்பர் ஒண்ணு, ஒரே ஊர்ல இருந்து வர்ற ஃப்ரெண்டு நம்பர் ஒண்ணு வாங்கி, அப்பவே ஒரு தடவை அடிச்சு பாத்துருங்க.

அப்புறம் அட்டெண்டன்ஸ். மாசக் கடைசியில கூட்டி 75 சதவீதம் இருக்கா இல்லையானு பாக்கிறது கன்டோனேஷன் லிஸ்ட் (அட்டெண்டன்ஸ் குறைஞ்சாலும் மன்னிச்சு பரீட்சை எழுத விடறவங்க லிஸ்ட்) போடத்தான் உதவும், ஆளை நிறுத்த உதவாது. முதல் எட்டு வாரம் ரெஜிஸ்டரை எதிர்ல வச்சுக்கிட்டு ஆப்சென்ட் எந்த மாதிரி விழுதுன்னு பாருங்க. ஒருத்தனுக்கு தினமும் முதல் ஹவர் மட்டும் ஆப்சென்ட், ரெண்டாவது ஹவர்ல இருந்து உக்காந்திருப்பான், அது பஸ் பிரச்சனை, ஸ்ரீமுஷ்ணம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றவனை திட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. இன்னொருத்தனுக்கு முகூர்த்த நாள்ல எல்லாம் ஆப்சென்ட், காலண்டரை பக்கத்துல வச்சு பாத்தா அப்படியே பொருந்தும், கேட்டரிங் போறான். மூணாவது ஒருத்தன் நல்லா வந்துட்டு இருந்தவன், ஒரு திங்கக்கிழமைல இருந்து மொத்தமா இல்ல. சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலையோ, பாண்டி நேரு வீதி துணிக்கடையோ, சேதராப்பட்டு கம்பெனியோ சேர்ந்திருப்பான். இந்த மூணாவது ஆளுக்குத்தான் அவசரம், முதல் சம்பளம் கைக்கு வர்றதுக்குள்ள பேசிடணும், சம்பளம் வந்து வீட்டுல கொடுத்துட்டான்னா அப்புறம் அவனை வேலைய விடுன்னு சொல்ல வீட்டுல யாருக்கும் வாய் வராது. தொடர்ந்து மூணு நாள் காணோம்னா அன்னைக்கு சாயங்காலமே அம்மாவுக்கு போன் போடுங்க.

போன்ல பேசும்போது ஏன் வரலைன்னு ஆரம்பிக்காதீங்க, "நாளைக்கு வர்றியா, நோட்ஸ் எடுத்து வச்சிருக்கேன்"னு ஆரம்பிங்க. வாட்ஸ்அப் குரூப்ல பேர் போட்டு கேக்கவே கூடாது. 45 பேர் பாக்கிற குரூப்ல ஆப்சென்டீஸ் லிஸ்ட் போட்டா வராதவன் குரூப்பையும் விட்டுட்டு போயிடுவான், அதோட கதை முடிஞ்சது.

காசு விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல அட்லாண்டா ஊர்ல ஜார்ஜியா ஸ்டேட்னு ஒரு பெரிய கவர்மென்ட் யுனிவர்சிட்டி, 2003ல அங்க ஆறு வருஷத்துல டிகிரி முடிக்கிறவங்க 32 சதவீதம்தான், பத்து பன்னெண்டு வருஷத்துல அதை 54க்கு கொண்டு வந்துட்டாங்க, அதுவும் ஏழைப் பசங்களை குறைச்சு எடுக்காமலேயே. அவங்க செஞ்சதுல ஒண்ணு கம்ப்யூட்டர் வச்சு 800க்கும் மேல அறிகுறி பாக்கிறது, அது நமக்கு வேணாம், ரெஜிஸ்டர் போதும். எனக்கு உறைச்சது இன்னொண்ணு. ஒவ்வொரு செமஸ்டரும் ஃபீஸ் பாக்கின்னு நிறைய பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டு இருந்தாங்க, அதுல நல்லா படிக்கிற, முடிக்கப்போற பசங்க நிறைய, பாக்கியும் பெரிய தொகை இல்ல. 2011ல இருந்து அவங்களுக்கு சராசரியா 900 டாலர் வாக்குல யுனிவர்சிட்டியே பாக்கியை அடைச்சு விட ஆரம்பிச்சாங்க. பசங்க அப்ளிகேஷன் போட வேணாம், ஆபீஸே லிஸ்ட் எடுத்து கூப்பிட்டு சொல்லும்.

நம்ம ஊர்ல அந்த 900 டாலர் எதுன்னா எக்ஸாம் ஃபீஸ். டியூஷன் ஃபீஸ் நம்மகிட்ட பெரிய தொகை இல்லைங்க, ஆனா எக்ஸாம் ஃபீஸ் அரியர் பேப்பரும் சேர்ந்து வரும்போது ஆயிரத்தை தாண்டிடும், கடைசி தேதி போச்சுன்னா ஃபைன். கட்டாதவன் எழுத மாட்டான், எழுதாதவன் அடுத்த செமஸ்டர் வர கூச்சப்படுவான், அவ்வளவுதான். கடைசி தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி கட்டாதவங்க லிஸ்டை ஆபீஸ்ல கேட்டு வாங்குங்க, நாலஞ்சு பேர்தான் இருப்பாங்க. டிபார்ட்மென்ட் பழைய ஸ்டூடன்ட்ஸ் கிட்ட சொல்லி சின்னதா ஒரு தொகை கையில வச்சிருந்தா போதும், யாருக்கு கொடுத்தோம்னு வெளிய தெரியவே கூடாது.

கவர்மென்ட் கொடுக்கிற காசும் கைக்கு வந்து சேருதானு பாருங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல 6ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா 2022 செப்டம்பர்ல இருந்து வருது, பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு, எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. பணம் வரலன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு பேங்க் அக்கவுன்ட்ல ஆதார் லிங்க் ஆகாததுதான் காரணம், இல்லன்னா யூமிஸ்ல (காலேஜ் மாணவர் விவரம் ஏத்துற கவர்மென்ட் வெப்சைட்) பேர் ஒரு மாதிரி ஆதார்ல ஒரு மாதிரி. பாதி நாள் இதுக்கு ஒதுக்கி எல்லாரையும் கூட்டிட்டு பேங்குக்கு போயிட்டு வந்துடுங்க. பிசி, எம்பிசி, எஸ்சி ஸ்காலர்ஷிப் செகண்ட் இயர்ல ரினியூ பண்ணணும்ங்கிறதே பல பேருக்கு தெரியாது, போன வருஷம் வந்துச்சு இந்த வருஷமும் தானா வரும்னு உக்காந்திருப்பாங்க.

மழையை மறந்துடாதீங்க. நம்ம ஊர்ல ஆட் செமஸ்டர் எக்ஸாம் வர்ற நேரமும் புயல் வர்ற நேரமும் ஒண்ணு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டிச்சேரி பக்கத்துல கரையை கடந்துச்சு, அடுத்து சாத்தனூர் அணையை திறந்து தென்பெண்ணையில தண்ணி வந்து கடலூர்ல எத்தனை வீடு முழுகிச்சுன்னு நமக்கு தெரியும். எக்ஸாம் தள்ளி வச்சதும் புது தேதி எப்பன்னு தெரியாம, புக்கும் ஹால் டிக்கெட்டும் நனைஞ்சு போய் முகாம்ல இருக்கிற பசங்க கண்டிப்பா இருப்பாங்க. ஹால் டிக்கெட் வந்ததும் எல்லாரோடதையும் போட்டோ எடுத்து உங்க போன்ல வச்சுக்கங்க. புது தேதி வந்தா ஆத்தோரமும் கடலோரமும் இருக்கிறவங்களுக்கு, தேவனாம்பட்டினம் தாழங்குடா பக்கம்னா, தனித்தனியா போன்ல சொல்லிடுங்க.

ரிசல்ட் வர்ற வாரம்தான் ரொம்ப மோசம். முதல் செமஸ்டர் ரிசல்ட்ல நாலு பேப்பர் அரியர்னு பாத்ததும், வீட்டுல முதல் தலைமுறையா காலேஜ் வந்தவன், நமக்கு இது சரிப்படாதுன்னு முடிவு பண்ணிடுறான். அண்ணன் அக்கா படிச்ச வீடா இருந்தா "அட அரியர்தானே, அடுத்த தடவை எழுது"னு யாராவது சொல்லுவாங்க, இவனுக்கு சொல்ல ஆளில்ல. நீங்கதான் சொல்லணும். ரெகுலேஷனை எடுத்து வச்சுக்கிட்டு அரியர் இருந்தா அடுத்த செமஸ்டர் போகலாமா, எத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும், ரீவேல்யூவேஷனுக்கு கடைசி நாள் எப்பன்னு காட்டுங்க. பெரும்பாலும் இங்கிலீஷும் அல்லைடும் (மெயின் பாடத்தோட சேர்த்து படிக்கிற துணைப்பாடம்)தான் காலை வாரும். இன்டர்னல் மார்க் ஏற்கனவே கையில இருக்கு, தியரில இன்னும் எவ்வளவு வேணும்னு பேப்பர்ல எழுதி காட்டினா பாதி பயம் போயிடும். நாலையும் ஒரே தடவையில தூக்குன்னு சொல்லாதீங்க, ரெண்டு எடு, அடுத்த தடவை ரெண்டு எடுன்னு சொல்லுங்க.

பொண்ணுங்க விஷயம் வேற. செகண்ட் இயர் நடுவுல கல்யாணம் ஆயிடும், மாப்பிள்ளை வீடு திருப்பூரோ சென்னையோ. பத்திரிகை கொடுக்க வரும்போதே அப்பா அம்மாகிட்ட, முடிஞ்சா மாப்பிள்ளைகிட்டயே, மிச்சம் எத்தனை பேப்பர், எப்ப எக்ஸாம்னு தேதியோட சொல்லி வைங்க. குழந்தை உண்டாகிட்டாலும் படிப்பு போச்சுன்னு அர்த்தம் இல்ல, மாணவிகளுக்கு மகப்பேறு லீவும் அட்டெண்டன்ஸ் சலுகையும் கொடுக்க விதி போடுங்கன்னு யுஜிசி 2021 டிசம்பர்லயே எல்லா யுனிவர்சிட்டிக்கும் லெட்டர் போட்டிருக்கு. அந்த லெட்டரை பிரின்ட் எடுத்து வச்சுக்கங்க, ஆபீஸ்ல காட்ட வேண்டி வரும்.

யாராவது டிசி கேட்டு வந்தா அன்னைக்கே சைன் போடாதீங்க, அப்பா அம்மாவை கூட்டிட்டு வான்னு விரட்டவும் செய்யாதீங்க. உக்கார வச்சு ஒரு டீ சொல்லுங்க. போயே ஆகணும்னா பிரேக் எடுத்துட்டு ரீஅட்மிஷன்ல வர வழி இருக்கானு விசாரிச்சு சொல்லி அனுப்புங்க. பாண்டி யுனிவர்சிட்டி கீழ 2023-24ல இருந்து புது கல்விக் கொள்கை வந்தாச்சு, அதோட விதிப்படி ஒரு வருஷத்துல 40 கிரெடிட்டும் (பாடத்துக்கு கிடைக்கிற புள்ளி) கூட 4 கிரெடிட் தொழில் பயிற்சியும் முடிச்சா ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு போகலாம், மூணு வருஷத்துக்குள்ள திரும்பி வரலாம், மொத்தம் ஏழு வருஷத்துக்குள்ள டிகிரியை முடிக்கணும். எனக்கு இது மேல பெரிய நம்பிக்கை இல்ல, போனவங்க எத்தனை பேர் திரும்பி வருவாங்கன்னு பாக்கணும், சர்டிபிகேட் வாங்கிட்டு போனவனை முடிச்சவன் லிஸ்ட்ல சேர்க்கிற வேலையும் நடக்கும்னு தோணுது. உங்க நோட்டுல அவனை "போனான்"னே எழுதுங்க.

கடைசியா, தேர்ட் இயர் முடிஞ்சு ஃபேர்வெல் வச்சு போட்டோ எடுத்ததும் குரூப்பை டெலீட் பண்ணிடாதீங்க. ஒண்ணு ரெண்டு அரியரோட போனவங்க வேலைக்கு போயிடுவாங்க, நவம்பர் எக்ஸாமுக்கு ஃபீஸ் கட்டுற தேதி அவங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, ஒரே ஒரு பேப்பருக்காக டிகிரி இல்லாம வருஷக்கணக்கா கிடக்கிறவங்க நம்ம ஊர்ல தெருவுக்கு ஒருத்தர் இருப்பாங்க. அந்த பேர்களை மட்டும் தனி பேப்பர்ல எழுதி டேபிள் கண்ணாடிக்கு அடியில வச்சுக்கங்க, நோட்டிஃபிகேஷன் வந்த அன்னைக்கு போன் போடுங்க, முடிச்சவங்க பேரை அடிச்சுட்டு வாங்க.