ஜெர்மனியின் பைராய்ட் விழாவில் பார்த்த, இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவை (இசைநாடகத்தை) பற்றி விமர்சனம் எழுதுகிறீர்களா?

லிப்ரெட்டோவை, அதாவது ஓபராவின் பாடல் வரிகள் அடங்கிய நூலை, படிக்காமல் அரங்கிற்குள் போகாதீர்கள். நவீன மேடையாக்கத்தில் இயக்குநர் எதை மாற்றினார் என்பது மூலக்கதை தெரிந்தவருக்கே பிடிபடும். 2010-இல் இயக்குநர் ஹான்ஸ் நாய்ன்ஃபெல்ஸ் வாக்னரின் 'லோஹென்கிரின்' ஓபராவின் கோரஸுக்கு (கூட்டமாகப் பாடும் குழுவினருக்கு) எலி வேடம் போட்டார். “எலிகள் வந்தன, அபத்தம்” என்று எழுதுவது விமர்சனம் ஆகாது. தலைவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் கூட்டம் ஏன் எலியானது என்று கேட்டால்தான் எழுத்து நகரும்.

இடைவேளை அங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம். கண்ணில் பட்டதை மட்டும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு பிறகு. இசைக்குழு மூடிய குழிக்குள் அமர்ந்திருப்பதால் ஒலி மென்மையாகவே வரும். அதை இசைக்குழு நடத்துநரின் குறையாக எழுதிவிடாதீர்கள், பலர் சறுக்கும் இடம் இது.

அரங்கின் கூச்சலையும் நம்ப வேண்டாம். 1976-இல் ரைன் நதியை நீர்மின் அணையாகக் காட்டிய இயக்குநர் பத்ரிஸ் ஷெரோவின் 'ரிங்' (வாக்னரின் நான்கு ஓபராக்கள் கொண்ட தொகுதி) கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1980-இல் அதே தயாரிப்புக்குக் கைத்தட்டல் ஓயவே இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஷெரோவும் காட்சிகளைத் திருத்தியிருந்தார். ஆகவே, எந்த ஆண்டில் பார்த்தீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.