விக்டோரியா காலக் குற்றக் கதை: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

பனிமூட்டம், குதிரை வண்டி, மங்கலான எரிவாயு விளக்கு. இவற்றை வைத்துவிட்டாலே விக்டோரியா கால லண்டன் வந்துவிட்டதாக நினைக்கிறோம். அப்புறம் 1860-இல் நம் இன்ஸ்பெக்டர் கைரேகை தேடிக்கொண்டிருப்பார். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது 1901 ஜூலையில். ராணி அதே ஆண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார். (கல்கத்தாவில் 1897-லேயே அது வந்துவிட்டது என்பது வேறு கதை.)

அந்தக் காலத்தில் இல்லாத வசதியைக் கதையில் நுழைத்தால் விறுவிறுப்பை நாமே கெடுத்துக்கொள்கிறோம். 1864-இல் லண்டன் ரயிலில் தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கி அலுவலர் அடித்து வெளியே வீசப்பட்டார். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போக வழியில்லை. கார்டைக் கூப்பிடவும் வழியில்லை. கொலையாளி அவசரத்தில் தொப்பியை மாற்றி எடுத்துக்கொண்டு போனதுதான் துப்பு. சந்தேகப்பட்ட ஃபிரான்ஸ் முல்லர் அதற்குள் பாய்மரக் கப்பலில் நியூயார்க் கிளம்பிவிட்டார். அட்லாண்டிக் கடலடித் தந்தி நிலையாக வேலை செய்தது 1866-இலிருந்துதான். ஆகவே இன்ஸ்பெக்டர் டேனர் நீராவிக் கப்பலேறி, முந்திப்போய்த் துறைமுகத்தில் காத்திருந்தார். தந்தி இருந்திருந்தால் இந்தத் துரத்தலே கிடையாது.

நீதிமன்றக் காட்சியிலும் கவனம் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டேறிச் சத்தியம் செய்து தன் கதையைச் சொல்லும் உரிமை இங்கிலாந்தில் பொதுவாக 1898-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கொலை வழக்கில் நாயகி சாட்சி சொல்லி அழ முடியாது. விஷமும் அப்படித்தான். 1851-க்குப் பிறகு ஆர்சனிக் வாங்கினால் கடைக்காரரின் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, துப்பறிவாளரை எல்லா வீட்டுக்குள்ளும் கம்பீரமாக நுழையவிடுவது. 1860-இல் ரோட் ஹில் வீட்டில் சவில் கென்ட் என்ற சிறுவன் கொல்லப்பட்டபோது, ஸ்காட்லாந்து யார்டு துப்பறிவாளர் ஜொனாதன் விச்சர் விசாரிக்கப் போனார். தோட்டக்காரரின் மகன் அவர். அந்த வீட்டின் பதினாறு வயதுப் பெண் கான்ஸ்டன்ஸின் இரவு உடை ஒன்று குறைந்திருப்பதைக் கவனித்து அவளைக் கைது செய்தார். கனவான் வீட்டுப் பெண்ணின் உள்ளாடையைப் பற்றி ஒரு போலீஸ்காரன் பேசுவதா என்று ஊரே கொதித்தது. அவள் விடுதலையானாள், அவர் பெயர் கெட்டது. 1865-இல் கான்ஸ்டன்ஸ் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். விச்சர் அதற்கு முந்தைய ஆண்டே வேலையை விட்டுப் போயிருந்தார்.