வோட்காவுக்கு ஸ்டில் (வடிகலம்) வாங்கும்முன்: பாய்லரை விடுங்கள், தூணைப் பாருங்கள்

முதலில் சட்டம். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே காய்ச்சி வடிக்கலாம். விற்றால் குற்றம். இந்தக் குறிப்பு அங்கே இருப்பவர்களுக்குத்தான். பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்திரேலியாவில்கூட உரிமம் இல்லாமல் முடியாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி ஊறல் போடுவதே குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊறல்

இதில் பெரிய சூட்சுமம் இல்லை. உணவுத் தரப் பிளாஸ்டிக்கில் 30 லிட்டர் வாளி, மூடியில் ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு), 6 கிலோ சர்க்கரை, மொத்தம் 25 லிட்டர் வரும்வரை தண்ணீர், ஒரு பாக்கெட் டர்போ ஈஸ்ட் (அதிக ஆல்கஹால் தாங்கும் வகை). லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை போனால் 1 சதவீதம் ஆல்கஹால் என்பது கணக்கு. ஆக 14 சதவீதம் வரும். நன்றாகத் தெளிந்தபின் மேலே உள்ளதை மட்டும் இறக்குங்கள். அடிவண்டலும் சேர்ந்து பாய்லருக்குள் போனால் ஹீட்டரில் ஒட்டித் தீயும். அந்தத் தீய்ந்த வாடையை எந்த வடிகட்டியும் எடுக்காது.

எந்த ஸ்டில்?

பாட் ஸ்டில் என்பது பானை, மூடி, குழாய், அவ்வளவுதான். ஊறலின் மணமும் ருசியும் கூடவே ஏறி வரும். ரம், விஸ்கிக்கு அது தேவை. வோட்காவுக்கு வேண்டியது நேர்மாறானது: எந்த வாசமும் இருக்கக் கூடாது. அதற்கு ரிஃப்ளக்ஸ் ஸ்டில் வேண்டும். பாய்லர் மேல் நிமிர்ந்து நிற்கும் தூணுக்குள் ஆவி ஏறும், மேலே குளிர்ந்து திரவமாகித் திரும்பக் கீழே வழியும் (இதுதான் ரிஃப்ளக்ஸ்), வழியில் ஏறிவரும் ஆவியோடு உரசும். ஒரே காய்ச்சலில் பலமுறை வடித்த பலன், 90 சதவீதத்துக்கு மேல் சுத்தம்.

மேசைமேல் வைக்கும் 4 லிட்டர் ஏர் ஸ்டில் மலிவு, தண்ணீரும் வேண்டாம். ஆனால் அதுவும் பாட் ஸ்டில்தான். கைப்பழக்கத்துக்கு ஆகும், வோட்காவுக்கு ஆகாது.

தூணும் அதன் உள்ளடக்கமும்

விட்டம் 50 மில்லிமீட்டர் போதும். உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: உள்ளே அடைக்கும் பகுதி மட்டும் 75 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை இருக்கட்டும். செம்பு அல்லது 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டீல் தூண் வாங்கினாலும் ஆவி போகும் வழியில் கொஞ்சம் செம்பு இருக்க வேண்டும். ஈஸ்ட் விடும் கந்தக நாற்றத்தை அதுதான் பிடித்து வைக்கும்.

உள்ளே அடைக்கச் செம்புக் கம்பி வலை சிறந்தது. கடையில் கிடைக்கும் 'செம்பு' ஸ்க்ரப்பரில் பாதி, செம்பு முலாம் பூசிய இரும்பு. காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள். அடைக்கும்போது வாயால் ஊதினால் தடையில்லாமல் காற்று போக வேண்டும். இறுக்கி அடைத்தால் திரவம் கீழே இறங்க முடியாமல் தேங்கி, தூணுக்குள் களக் களக்கென்று சத்தம் கேட்கும்.

இணைப்புகளில் ஈயம் இல்லாத பற்றாசு (சால்டர்) மட்டுமே. இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஆக இருக்கட்டும். சாதாரண ரப்பரும் பி.வி.சி. டியூபும் சூடான ஆல்கஹாலில் கரைந்து உள்ளே கலக்கும். பழைய கார் ரேடியேட்டரைக் கண்டென்சராக (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் பகுதியாக) வைப்பது தற்கொலை: ஈயப் பற்றாசு ஒருபக்கம், கூலன்ட் மிச்சம் மறுபக்கம்.

தண்ணீர்: எல்லோரும் சறுக்கும் இடம்

விலை குறைந்த ரிஃப்ளக்ஸ் ஸ்டில்களில் தூணின் தலையில் ஒரு சுருள் இருக்கும். அதில் ஓடும் தண்ணீரின் அளவுதான் ரிஃப்ளக்ஸை முடிவு செய்யும். தூணின் தலையிலுள்ள வெப்பமானி 78.5 டிகிரியில் அசையாமல் நிற்கிறது என்று வையுங்கள். வீட்டில் யாரோ கழிவறையில் ஃப்ளஷ் செய்கிறார்கள். குழாய் அழுத்தம் இறங்குகிறது, தலை குளிர்வது குறைகிறது, ஒரு நிமிடத்தில் 82. கீழே கிடக்க வேண்டிய கசடு நெடி மேலே வந்து நல்ல ஜாடியில் விழுந்துவிடும். பதறிப்போய்க் குழாயை அதிகம் திறந்தால் சொட்டுவதே நின்றுபோகும். பிறகு அரைமணி நேரம் இந்த இழுபறிதான்.

தீர்வு இரண்டு. சாதாரண உருண்டை வால்வைக் (ball valve) கழற்றிவிட்டு ஊசி வால்வு போடுங்கள்; உருண்டை வால்வில் நூலளவு திருப்புவது முடியாத காரியம். அடுத்து, தண்ணீரை வீட்டுக் குழாயிலிருந்து நேரே எடுக்காமல், உயரத்தில் ஒரு வாளி வைத்து அது எப்போதும் வழிந்துகொண்டே இருக்கும்படி நிரப்பி, அதிலிருந்து எடுங்கள். மட்டம் மாறாது, அழுத்தமும் மாறாது.

கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் என் ஓட்டு திரவக் கட்டுப்பாட்டு வகைக்கு. அதில் கண்டென்சர் முழு வேகத்தில் ஓடும். வழியும் திரவத்தை ஒரு சாய்தட்டு பிடிக்கும், ஊசி வால்வு வழியே ஒரு பங்கு வெளியே வரும், நான்கைந்து பங்கு திரும்பத் தூணுக்குள் போகும். யார் ஃப்ளஷ் செய்தாலும் கவலை இல்லை. முதல் 45 நிமிடம் வால்வை மூடியே வைத்துத் தூணை நிலைப்படுத்துங்கள். இது திரவம் வெளிவரும் வழியை மட்டும் மூடுவது; தூணின் தலை காற்றுக்குத் திறந்தே இருக்க வேண்டும்.

2000 வாட் ஹீட்டரின் சூட்டை ஆற்ற நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர் தண்ணீர் போகும். 200 லிட்டர் டிரம்மில் சிறு பம்ப் வைத்துச் சுழற்றினால், இரண்டு மணி நேரத்தில் டிரம் தண்ணீரின் சூடு சுமார் 17 டிகிரி கூடிவிடும். ஆகவே டிரம் ஒன்று போதாது, அல்லது பாதியில் தண்ணீரை மாற்ற வேண்டும்.

பாய்லர்

30 லிட்டர் வாங்குங்கள், முக்கால் அளவு மட்டும் நிரப்புங்கள். நுரை தூணுக்குள் ஏறாமல் இருக்கத்தான் அந்தக் கால் பங்கு வெற்றிடம். 2000 வாட் ஹீட்டரில் கொதிநிலைக்கு வர ஒரு மணி நேரம். கேஸ் அடுப்பு கூடவே கூடாது. ஆல்கஹால் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய்ச் சுடரைத் தேடிப் பிடிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும், பாதியில் எழுந்து போகாதீர்கள். வெளிவரும் குழாயில் மூடியோ வால்வோ போட்டு முழு அமைப்பையும் அடைத்துவிடக் கூடாது. டியூபின் நுனி ஜாடித் திரவத்தில் மூழ்கவும் கூடாது.

அளவுகோல்கள்

வெப்பமானியின் நுனி, ஆவி கண்டென்சருக்குத் திரும்பும் இடத்துக்கு நேரே இருக்க வேண்டும். பாய்லர் மூடியில் உள்ள வெப்பமானி வேறு கதை சொல்லும், அதை நம்பி எந்த ஜாடி நல்லது, எது கழிவு என்று பிரிக்காதீர்கள்.

ஊறலுக்கு ஹைட்ரோமீட்டர், வடித்ததற்கு ஆல்கஹால்மீட்டர். ஒன்றை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆல்கஹால்மீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. 30 டிகிரியில் 40 சதவீதச் சரக்கை 44 என்று காட்டும். ஆறவிட்டு அளவிடுங்கள்.

பிடிப்பதற்குக் கண்ணாடி ஜாடிகள், சிறியதாக, எண் எழுதி வையுங்கள். 93 சதவீதத்தில் பிடித்த 1 லிட்டரைத் தண்ணீர் சேர்த்து 2.3 லிட்டர் ஆக்கினால் சுமார் 40 வரும். கார்பன் வடிகட்டலைத் தண்ணீர் கலந்தபின் செய்யுங்கள், முன்பு அல்ல. கார்பன் உணவுத் தரம், மீன்தொட்டிக்கு விற்பது வேண்டாம்.

பின்சேர்க்கை

மெத்தனால் பயம் எல்லோருக்கும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அங்கே கொன்றது சரக்கில் கலந்த மெத்தனால். சர்க்கரை ஊறலில் அது உருவாவது மிகச் சொற்பம். பழ ஊறலில் பெக்டின் இருப்பதால் கூடும். முதலில் வரும் 100 மில்லியை எப்படியும் கொட்டிவிடுங்கள், அசிட்டோன் நெடி அதில்தான். ஆனால் வெளியே வாங்கிய ஸ்பிரிட்டை 'சுத்தம் செய்ய' இந்த ஸ்டிலில் ஊற்றாதீர்கள். அதில் மெத்தனால் இருந்தால் முதல் ஜாடியோடு போய்விடாது, எல்லா ஜாடியிலும் இழுபடும்.

பிரஷர் குக்கரில் முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியாது. அலுமினியம், ரப்பர் வளையம், 5 லிட்டர் கொள்ளளவு, தூண் நிற்க இடமில்லை. விசில் துளையில் ஒரு பருக்கை அடைத்தால் குக்கரே குண்டு.