கூடப்பிறந்தவரா, எடுத்து வளர்த்தவரா: மட்டக்களப்பில் பழைய பத்திரம் தேடப் போகிறவர்களுக்கு

எங்கள் குடும்பத்தில் அறுபது வருடப் பிணக்கு ஒன்று உண்டு. அம்மம்மாவின் மூத்த அண்ணன் அவருக்குக் கூடப்பிறந்தவரா, எடுத்து வளர்த்த பிள்ளையா? கலியாண வீட்டில் பாதியில் விட்ட பேச்சைச் செத்த வீட்டில் தொடர்வார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள்கூட இதில் கட்சி பிரிந்துதான் நிற்கிறார்கள். பத்திரம் பார்த்தே முடிப்பது என்று இரண்டு முறை லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். முதல் முறை வெறுங்கையோடு திரும்பினேன். எதை எங்கே தேடுவது என்று தெரியாமல் போனால் அப்படித்தான்.

டிக்கெட் போட முன்னமே, வீட்டில் கிடக்கிற பழைய உறுதிகள் (காணிப் பத்திரங்கள்) எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படமெடுத்துக்கொள்ளுங்கள். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவரின்) பெயர், பதிவுக் குறிப்பில் இருக்கிற தொகுதியும் பக்கமும். இந்த நாலும் கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் உங்களை உட்கார வைத்துப் பேசுவார்கள். '1978 சூறாவளியில் பெட்டியோடு போய்விட்டது', 'சுனாமி கொண்டுபோனது' என்று வீட்டார் சொன்னாலும் கைவிட வேண்டாம். காணி உறுதி ஒன்று எழுதினால் மூலம் சொந்தக்காரரிடம் போகும், ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும், இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். மூன்றும் ஒன்றாக அழிவது அரிது.

கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்தைய பத்திரங்களில் உங்கள் ஊர் மட்டக்களப்பு மாவட்டம் என்றே இருக்கும். ஆகவே கல்முனைப் பதிவகத்தில் இல்லை என்றால் தேடல் முடிந்தது என்று நினைக்காமல் மட்டக்களப்பிலும் கேளுங்கள்.

யாழ்ப்பாண நண்பர்கள் தேசவழமை என்று தொடங்குவார்கள். அது வடக்கின் சட்டம், இங்கே செல்லாது. இங்கே இருந்தது முக்குவர் சட்டம். முதுசச் சொத்து, அதாவது பரம்பரைச் சொத்து, தாய்வழியே இறங்கும், ஆணின் முதுசம் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற பொதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் மனிதர்களின் மனம் கட்டளைச் சட்டத்தோடு மாறவில்லை. ஒரு போடியார் (பெரிய வயற்காரர்) தன் வயலை மருமகனுக்கு எழுதினார் என்பதை வைத்து அவருக்குப் பிள்ளையே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

அந்த 'மருமகன்' என்ற சொல்லே ஒரு பொறி. சகோதரியின் மகனும் மருமகன்தான், மகளின் கணவனும் மருமகன்தான். பெரியம்மா மகனும் அண்ணன், பெரியப்பா மகனும் அண்ணன். தமிழில் சொல்லி எழுதுவித்த மரண சாசனம் (உயில்), நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலத்துக்கு மாறும். மொழிபெயர்த்தவர் அவசரத்தில் இருந்தால் ஒரு சொல்லில் ஒரு பரம்பரையே மாறிவிடும். எங்கள் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தது பூட்டனின், அதாவது அம்மம்மாவின் தகப்பனின், மரண சாசனத்தின் ஆங்கிலப் பிரதி. அதில் அந்த அண்ணன் 'மகன்' என்று இருந்தார். ஒரு கட்சியின் முழுப் பலமும் அந்தச் சொல்தான்.

ஆகவே தமிழ் மூலத்தைத் தேடுங்கள். இதில் ஒரு சிக்கல்: மற்ற உறுதிகளைப் போல மரண சாசனத்தின் பிரதியை நொத்தாரிசு மாதாமாதம் பதிவகத்துக்கு அனுப்புவதில்லை. அது அவருடைய கோவையிலேயே இருக்கும். அவர் இறந்த பின் கோவைகள் பதிவகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். எனவே 'இன்ன நொத்தாரிசின் கோவை இங்கே இருக்கிறதா' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்லாச் சாசனமும் நொத்தாரிசிடம் எழுதியவை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு இல்லாமல் 5 சாட்சிகள் முன்னிலையில் எழுதினாலும் செல்லும். அப்படியானது யாரோ ஒருவரின் அலுமாரியில் கிடக்கலாம்.

ஆனாலும், மரண சாசனத்தை விட நான் நம்புவது பாதுகாவல் மனுக்களை. சாசனத்தில் எழுதியவர் தனக்குப் பிடித்தவர்களைத்தான் சொல்வார், கோபத்தில் இருந்தால் பெற்ற பிள்ளையையும் விட்டுவிடுவார். தாய் தகப்பன் இல்லாத இளவரின் (பராயமடையாதவரின்) சொத்தைப் பராமரிக்க ஒருவர் நீதிமன்றத்தில் மனுப்போட்டால் கதை வேறு. பிள்ளை யார், வயது என்ன, யாருடைய வயிற்றுப் பிள்ளை, நெருங்கிய உறவினர் யார் யார், மனுக்காரருக்கும் பிள்ளைக்கும் என்ன முறை என்று எல்லாம் சொல்லியாக வேண்டும். சொல்வது பிழை என்றால் மறுத்துப் பேச மற்றச் சொந்தங்கள் வாசலில் நிற்பார்கள். கூட்டுக் காணியைப் பங்கு பிரிக்கிற பிரிவிடு வழக்கிலும் வமிசாவளி தாக்கல் செய்வார்கள், அதையும் எடுத்துப் பாருங்கள். ஆனால் அது பங்கு கேட்கிறவர் வரைந்த மரம், ஒரு கிளையை வெட்டினால் அவர் பங்கு கூடும்.

வயதில் கவனம். 1989 வரை இலங்கையில் பராயமடையும் வயது 21. பழைய பத்திரத்தில் 'இளவர்' என்று இருப்பவர் மீசை வைத்த இருபது வயதுக்காரராகவும் இருக்கலாம். மட்டக்களப்பில் சட்டப்படியான தத்தெடுப்பு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடுதான் வந்தது. அதற்கு முன் எடுத்து வளர்த்த பிள்ளைக்குத் தத்துப் பத்திரம் தேடி அலைய வேண்டாம்.

வழக்கு இலக்கம் தெரியாமல் நீதிமன்றப் பதிவறையில் ஒன்றும் நடக்காது. நான் முதல் முறை மூன்று நாள் ஒரு கந்தோர் வாங்கிலில் இருந்து கற்ற பாடம் அது. இலக்கம் கிடைக்க இரண்டு வழி. நிறைவேற்றுநர் (சாசனத்தை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர்) எழுதிக்கொடுத்த உறுதிகளின் முகவுரையில் மரண சாசன வழக்கின் இலக்கம் இருக்கும். மற்றது பழைய அரசாங்க வர்த்தமானி. இறந்தவர், மனுக்காரர், எதிர்மனுக்காரர், இளவர்களுக்கு நின்ற காப்பாளர் என்று பெயர் பெயராக அறிவித்தல் வந்திருக்கும். கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் பார்க்கலாம். இலக்கம் கிடைத்ததும் உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிப்பது லேசு. நீதிமன்ற விடுமுறையையும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களையும் முன்னமே பார்த்துவிடுங்கள்.

உறுதியில் யாரும் வாசிக்காத பகுதி எல்லைகள். அங்கேதான் பெண்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் வீடு வளவு மகளுக்குச் சீதனம். மூத்தவளுக்குத் தாய் வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்தில் இன்னொரு வீடு. ஆகவே 'வடக்கு எல்லை இன்னாள் வளவு' என்று இருந்தால் அந்த இன்னாள் பெரும்பாலும் தமக்கையோ சித்தியோதான். நான்கைந்து உறுதிகளின் எல்லைகளை ஒரு தாளில் வரைந்து பாருங்கள், ஒரு வயிற்றுவார், அதாவது ஒரு தாய்வழிக் கிளை, முழுக்கத் தெருவோடு நிற்கும். பூட்டனின் காலஞ்சென்ற மைத்துனி ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு ஒரு கிழக்கு எல்லையில்தான் தெரிந்தது.

பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். தாயின் கன்னிப் பெயரையும், பிந்திய காலத்தவற்றில் பேரனார் பற்றிய கட்டத்தையும் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவும் உண்டு.

குடி (தாய்வழிக் குலம்) என்னவென்று கேட்காமல் வந்துவிடாதீர்கள். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவிலிலோ, ஆவணியில் மண்டூரிலோ, திருவிழாக் காலத்தில் கொக்கட்டிச்சோலையிலோ நின்றால் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்று விரல்விட்டுச் சொல்கிற பெரியவர்களைக் காணலாம். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கருக்கு ஒரு வணக்கம் வையுங்கள்.

சொந்தக்காரர் வீட்டுப் படியேறியதும் முதல் வார்த்தை 'காணி கேட்டு வரவில்லை' என்பதாக இருக்கட்டும். எதிர்ப்பில்லாமல் 10 வருடம் ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கூட்டுச் சொந்தக்காரருக்குள் அந்தப் பத்து வருடம் மட்டும் போதாது என்பதும் சிலருக்குத் தெரியும், அவர்கள்தான் உங்களைக் கண்டால் பயப்படுவார்கள். எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், தேநீரை மட்டும் குடியுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். கோவையில் கிடைத்த தமிழ்ச் சாசனத்தில் இருந்தது 'மகன்' அல்ல, 'பெறாமகன்'. பாதுகாவல் மனுவில் பூட்டன் தன் வாயாலேயே சொல்லியிருந்தார்: மனைவியின் காலஞ்சென்ற தமக்கையின் மகன், வயது 19. கூடப்பிறக்கவில்லை, ஆனால் அதே குடி, அதே வயிற்றுவார். கோயிலில் அந்தக் குடியின் உரிமையோடு அவர் நின்றதும் முறைதான். பிரதியை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

'சரி மனே, பெரியம்மாட மகன்தான். அப்ப அந்தத் தென்னங்காணி ஆருக்கு?'