விலங்கு இயன்முறை சிகிச்சையைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு

விபத்தில் அடிபட்டோ, அறுவை சிகிச்சை முடிந்தோ, முதுமையாலோ நடை தளர்ந்துபோன விலங்கை மீண்டும் தன் காலில் நிற்கவும் நடக்கவும் பழக்குவதே விலங்கு இயன்முறை சிகிச்சை. இதற்கென்று தனி இளநிலைப் பட்டமோ தனிப் பதிவு முறையோ நம் நாட்டில் இல்லாததால், கண்ணில் முதலில் படும் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்பில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டும். நோயைக் கண்டறியும் உரிமையும் பொறுப்பும் தமக்கு வேண்டுமா, அல்லது கால்நடை மருத்துவர் கண்டறிந்து அனுப்பும் விலங்குக்குப் பயிற்சி அளிப்பதே போதுமா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, எங்கே வேலை என்பவற்றுக்கெல்லாம் விடை தெளிவாகிவிடும்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது, கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. படிப்பில் சேருங்கள் என்பதே. 1989-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், மாநில இடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்புகிறது; அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டு இடங்களுக்குத்தான் நீட் மதிப்பெண் தேவைப்படும். உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் படிக்க வேண்டும். அதன்பின் கால்நடை அறுவை சிகிச்சை மற்றும் கதிரியக்கவியலில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை முடிப்பது இத்துறைக்கு மிகப் பொருத்தமான அடித்தளம். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை வேப்பேரிக் கல்லூரியைப் போல மருத்துவமனையோடு இணைந்த கல்லூரிகளில் படிப்பவர்கள், எலும்பு அறுவை முடிந்த விலங்கு சில வாரங்கள் கழித்துத் திரும்பி வரும்போது எப்படி நடக்கிறது என்பதை விடாமல் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். அறுவைக் கூடத்துக்குள் நிற்க எல்லோரும் முந்துவார்கள். மறுபரிசோதனைக்கு வரும் நாயின் நடையைப் பார்க்க நிற்பவர் சிலரே. நமக்கு வேண்டிய பாடம் அங்கேதான் நடக்கிறது.

மனிதருக்கான இயன்முறை மருத்துவம் படித்தவர்களும் இத்துறைக்கு வரலாம். ஆனால் எல்லையை அறிந்து வர வேண்டும். பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கலாம் என்பது 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம் வகுத்த விதி. ஆகவே அவர்கள் தனியாகப் பலகை மாட்டிக்கொள்ளாமல், கால்நடை மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுத்த பிறகு, அவருடைய மேற்பார்வையில் பணிபுரிய வேண்டும். தசை, மூட்டு, நரம்பு பற்றி அவர்கள் ஏற்கெனவே கற்றது பெரிய மூலதனம் என்றாலும், நான்கு கால் உடலமைப்பை அடியிலிருந்து கற்றாக வேண்டும். நாய்க்கு நம்மைப் போன்ற காறை எலும்பு இல்லை. முன்னங்கால் உடலோடு தசைகளால்தான் இணைந்திருக்கிறது. உடல் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. பின்னங்கால் வலிக்கும் நாய் எடையை இன்னும் முன்னே தள்ளுவதால் தோளும் கழுத்தும் இறுகிப்போகின்றன. வலியுள்ள காலை மட்டும் பிடித்துவிடுபவர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும் என்பது வெறும் சட்டச் சடங்கு அன்று. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு மூன்று நாய்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் நாய், நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்ட் இனம். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. அறுவை வேண்டாம், மருந்தே போதும் என்று முடிவு செய்திருந்தால் முதல் சில வாரங்களுக்குக் கூண்டு ஓய்வுதான் முதன்மையான சிகிச்சை. அவசரப்பட்டு நடக்கவைத்தால் டிஸ்க் மேலும் பிதுங்கக்கூடும். இரண்டாவது, வண்டியில் அடிபட்ட தெருநாய். இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே பார்க்காமல் காலை மடக்கி நீட்டக் கூடாது. மூன்றாவதற்கு வெளிக்காயம் எதுவும் இல்லை, தடுப்பூசி போட்ட விவரமும் இல்லை. அது வெறிநோயின் முடக்கு வகையாகவும் இருக்கக்கூடும். இத்துறைக்கு வரும் எவரும் முதல் விலங்கின்மேல் கைவைக்கும் முன்பே வெறிநோய்க்கான முன்தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இதில் தள்ளிப்போடுவதற்கு இடமே இல்லை.

கருவிகளை வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பழக்க வேண்டியவை கண்ணும் கையும். நொண்டும் நாயை வழுக்காத தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து மெல்ல நடத்தியும் சற்றே ஓடவிட்டும், முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலெழும். நல்ல கால் படும்போது தாழும். தொடையின் சுற்றளவை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், நாய் அதே நிலையில் நிற்கும்போது நாடாவால் அளந்து எழுத வேண்டும். மூட்டு எவ்வளவு மடங்கி நீள்கிறது என்பதைக் கோனியோமீட்டர் காட்டும். பின் பாதத்தைப் புரட்டி அதன் மேற்பகுதி தரையில் படும்படி வைத்தால், நரம்பு நலமாக உள்ள நாய் உடனே பாதத்தைத் திருப்பி நேராக வைத்துக்கொள்ளும். தண்டுவடம் பாதிக்கப்பட்ட நாய் திருப்பத் தாமதிக்கும், அல்லது புரண்ட பாதத்தோடு அப்படியே நிற்கும்.

கால் விரலை இடுக்கியால் அழுத்தி ஆழ்வலி உணர்வைச் சோதிக்கும்போது புதியவர்கள் எளிதில் ஏமாந்துவிடுகிறார்கள். அழுத்தியதும் கால் உள்ளே இழுக்கப்பட்டால், உணர்ச்சி இருக்கிறது என்று மகிழ்ந்து வளர்ப்பவரிடமும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகவே செய்யும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். நாய் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்று கவனியுங்கள்; வலி மூளையை எட்டியதற்கு அவையே அடையாளம். அந்த உணர்வு அற்றுப்போன நாய் மறுபடி நடக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பதால், இந்த ஒரு சோதனையில் தவறினால் ஒரு குடும்பத்துக்கே பொய்யான நம்பிக்கை கொடுத்ததாகிவிடும்.

நீருக்குள் இயங்கும் டிரெட்மில்லின் காணொளிகளைப் பார்த்து இத்துறையை விரும்பி வருபவர்கள் உண்டு. அதன் பயன் உண்மையானது. தண்ணீர் கணுக்கால் அளவில் இருக்கும்போது நாயின் கால்கள் அதன் எடையில் சுமார் 91 விழுக்காட்டைத் தாங்குகின்றன. முழங்கால் அளவில் 85, இடுப்பு அளவில் 38. ஆகவே நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ஆறாத காயமுள்ள நாயைத் தண்ணீருக்குள் விடக் கூடாது. லேசரும் மின்தூண்டல் கருவிகளும் துணைக்கருவிகளே. புற்றுக்கட்டியின்மேல் லேசரைக் காட்டக் கூடாது, அறையில் உள்ள எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். இவை எதுவும் இல்லாமலும் தொழிலைத் தொடங்கலாம். தரையில் வரிசையாகக் கிடத்திய கம்புகளைத் தாண்டி நடத்துவது, உட்காரவைத்து எழுப்புவது, மேட்டில் மெல்ல ஏற்றுவது ஆகியவற்றை முறையாகச் செய்தாலே தசை வளரும். நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரையில் மூட்டு வலியுள்ள நாய் ஒவ்வொரு அடிக்கும் வழுக்குகிறது. படுக்கையிலிருந்து சோற்றுத் தட்டு வரைக்கும் ரப்பர் விரிப்பு போடச் சொல்வது பல வீடுகளில் முதல் சிகிச்சையாக அமையும்.

இத்துறை நகரத்து நாய்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கன்று ஈன்ற கறவை மாடு கால்சியக் குறைவால் படுத்துவிட்டால், மருத்துவர் கால்சியம் ஏற்றியதும் பெரும்பாலான மாடுகள் எழுந்துவிடும். எழாத மாட்டுக்கு அதன் எடையே எதிரியாகிறது: சிமெண்ட் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்தால் சில மணி நேரத்திலேயே அடியில் நசுங்கும் தொடைத் தசையும் நரம்பும் கெடத் தொடங்குகின்றன. வைக்கோலையோ மணலையோ கனமாகப் பரப்பி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, கால்களைத் தேய்த்து மடக்கி நீட்டி, எழ முயலும்போது பின்னங்கால்கள் அகன்று வழுக்காதபடி தளர்வாகப் பிணைத்துத் தாங்கினால், அடிமாடாகப் போக இருந்த மாட்டைக் காப்பாற்ற வழியுண்டு. இடுப்புக் கவ்வியால் தூக்கி நெடுநேரம் தொங்கவிடுவதோ தசையை மேலும் சிதைக்கும். அந்த ஒரு மாட்டின் பாலை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு இந்த அறிவைக் கொண்டுசேர்க்கும் இளம் மருத்துவர்கள் கிராமத்து மருந்தகங்களில் வேண்டும்.

மேற்பயிற்சிக்கு வெளிநாடு செல்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டுக் கட்டணம் செலுத்துவது நல்லது. பிரிட்டனில், விலங்கைப் பரிசோதித்த கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலின்படி, கால்நடை மருத்துவர் அல்லாதவரும் இயன்முறை சிகிச்சை அளிக்க 2015-ஆம் ஆண்டின் விலக்கு ஆணை அனுமதிக்கிறது. அங்கே ‘பிசியோதெரபிஸ்ட்’ என்ற பட்டப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ‘விலங்கு பிசியோதெரபிஸ்ட்’ என்பதற்கு இல்லை. அதனால் படிப்பை முடித்தால் ஆக்பேட் (ACPAT), ராம்ப் (RAMP) போன்ற, விலங்கு இயன்முறை சிகிச்சையாளர்களுக்கான அமைப்புகளில் உறுப்பினராக முடியுமா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தின் நாய் மறுவாழ்வுச் சான்றிதழ் நன்கு அறியப்பட்டது. ஆனால் யார் தனித்துச் சிகிச்சை அளிக்கலாம் என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது. எந்த வகுப்பானாலும், உயிருள்ள விலங்கின்மேல் நேரடிப் பயிற்சி எத்தனை நாள் என்று கேளுங்கள். திரையில் மட்டும் நடக்கும் வகுப்பு கைக்குப் பழக்கம் தராது.

வேலையைத் தொடங்கும்போது தனிக் கூடம் அமைக்கக் கடன் வாங்காமல், எலும்பு அறுவை செய்யும் ஓரிரு மருத்துவமனைகளோடு பேசி, வாரத்தில் சில நாட்கள் அங்கே சென்று பார்ப்பது எளிது. வீட்டுக்கே சென்று பயிற்சி அளிப்பதற்கும் தேவை இருக்கிறது. குதிரைப் பண்ணைகளையும் விலங்குக் காப்பகங்களையும் அணுகலாம். முதல் மதிப்பீட்டுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, அதற்குத் தனிக் கட்டணம் பெறுங்கள். வளர்ப்பவர் வீட்டில் செய்ய வேண்டியதைத் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, உங்கள் முன்னால் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். நடக்க முடியாத நாயின் சிறுநீர்ப்பையைக் கையால் அழுத்தி நாளுக்கு மூன்று நான்கு முறை காலி செய்வதையும் அப்படித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். வலி கூடினாலோ, சிறுநீர் நாறினாலோ, நேற்று நின்ற விலங்கு இன்று நிற்காவிட்டாலோ பயிற்சியை நிறுத்தி, அளவுக் குறிப்புகளோடு அன்றே மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.