பேரதிர்ச்சியிலிருந்து மீள்பவருக்குத் துணையாக இருப்பது எப்படி?

"அதான் முடிஞ்சு போச்சே, இன்னும் ஏன் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கே?" விபத்து, அடி உதை, பாலியல் கொடுமை என்று எதிலிருந்து தப்பி வந்தவராக இருந்தாலும், வீட்டில் இருப்பவர்கள் சீக்கிரமே இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், ஆனால் அவர் வேண்டுமென்று நினைப்பதில்லை, அது தானாக வந்து ஆளையே பிடித்துக்கொள்கிறது.

ஆபத்து வந்ததும் மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி அலாரம் அடிக்கிறது, அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் உடம்பெல்லாம் ஓடுகின்றன, நிதானமாக யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி அந்த நேரத்தில் பின்னுக்குப் போய்விடுகிறது. நடந்ததை இடம், காலம், வரிசையோடு பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியும் அப்போது ஒழுங்காக வேலை செய்வதில்லை. அதனால்தான் ஒரு வாசனை, ஒரு குரல் மட்டும் துல்லியமாக நிற்கிறது, எது முதலில் எது பிறகு என்பது கலங்கிப் போகிறது. இன்று ஒரு மாதிரியும் நாளை ஒரு மாதிரியும் சொல்கிறார் என்பதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம், "ஏன் கத்தலை, ஏன் ஓடலை?" என்ற கேள்வி. தயவுசெய்து இதை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். எதிர்ப்பது, ஓடுவது போல உறைந்து போவதும் உடம்பின் தற்காப்புதான், அது அவர் முடிவு செய்து நடப்பதில்லை. குரல் வராது, கை கால் அசையாது. ஏற்கெனவே அதற்காகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் நாமும் கேட்டால் அந்தக் குற்ற உணர்வு இன்னும் ஆழமாக இறங்கிவிடும்.

சரி, எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது, அவர் நாற்காலியின் கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு எங்கேயோ வெறித்துப் பார்க்கிறார், கூப்பிட்டால் காதில் விழவில்லை. என்ன செய்வது? தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். அவர் கண்ணில் படும்படி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பெயர் சொல்லி, தாழ்ந்த குரலில் "நான்தான், நம்ம வீட்டில்தான் இருக்கே, இப்போ ஆபத்து எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லலாம், அறையில் கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லலாம். ஆழமாக மூச்சு விடு என்று வற்புறுத்த வேண்டாம், சிலருக்கு அதுவே பதற்றத்தைக் கூட்டும். தொடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

நடந்ததைத் தோண்டித் தோண்டிக் கேட்பதால் மனபாரம் இறங்கிவிடாது. அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், பாதியில் நிறுத்தினால் விட்டுவிடுங்கள். எப்போது தூங்குவது, விளக்கு எரியட்டுமா, யார் வந்து பார்க்கலாம் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். தன் கையில் எதுவுமே இல்லாமல் போன ஒருவருக்கு இந்தச் சின்ன அதிகாரம் ரொம்பப் பெரியது.

முதல் சில வாரங்கள் தூக்கமின்மை, திடுக்கிடுதல் எல்லாம் பலருக்கும் இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு மெல்லக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இப்படி நீடிக்கும் பாதிப்பை PTSD என்ற பெயரில் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது, பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை இருபுறமும் அசைத்தபடி அந்த நினைவைக் கையாளும் சிகிச்சை) இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கூடவே இருந்து கேட்டுக் கேட்டு உங்களுக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். இன்னொருவரிடம் பொறுப்பை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் வாருங்கள். மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால் ஓர் ஆலோசகரிடம் பேசுங்கள், பாதிக்கப்பட்டவர் உங்களை நம்பிச் சொன்னதை மட்டும் சொந்தக்காரர்கள் காதுக்குக் கொண்டுபோகாதீர்கள்.