வாய்க்கால் கரைச் செடிகளை வீட்டில் உலர்த்தி வைப்பது எப்படி?

விடுமுறை நாளில் காலையில் கொஞ்சம் நடை, மதியம் வீட்டில் அமைதியாக ஒரு கைவேலை. இரண்டும் ஒன்றாகக் கிடைக்க வேண்டுமென்றால் ஹெர்பேரியம் செய்யுங்கள், அதாவது செடிகளை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயரெழுதி வைக்கும் தொகுப்பு. செலவு அதிகமில்லை. நான் திருச்சி உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் பறித்த செடிகளை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஏரிக்கரை, வயல் வரப்பு, தெருமுனைக் காலி மனை எதுவானாலும் சரி. காப்புக்காடு, சரணாலயம் போன்ற இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அனுமதியில்லாமல் அங்கே செடி எடுப்பது குற்றம்.

மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள்தான் நல்ல பருவம். களைச்செடிகள் எல்லாம் பூத்துக் கிடக்கும், காற்றிலும் ஈரம் குறைந்துவிடும்.

வேண்டியவை

பழைய செய்தித்தாள், பார்சல் வருகிற அட்டைப்பெட்டிகள், இரண்டு பலகைகள், பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று. செய்தித்தாளில் கறுப்பு வெள்ளைப் பக்கங்களை மட்டும் எடுங்கள். பளபளப்பான இணைப்பு இதழ்த் தாள் ஈரத்தை உறிஞ்சாது. கடையில் விற்கும் திருகாணி வைத்த மர அழுத்தி எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. அரிசிப் பை எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கும்.

படி 1: பறிப்பது

பனி காய்ந்த பிறகு, எட்டரை மணிவாக்கில் கிளம்புங்கள். ஈரத்தோடு பறித்த செடியில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சிறு செடியாக இருந்தால் வேரோடு எடுங்கள், மண்ணை உதறிவிடுங்கள். பூவோ காயோ இல்லாத செடி வேண்டாம். பின்னால் இனம் காண்பது கஷ்டம். ஒரே ஒரு செடிதான் நிற்கிறதென்றால் அதை விட்டுவிடுங்கள்.

ஆரம்பத்துக்குத் தும்பை, குப்பைமேனி, நாயுருவி, துத்தி, கிணற்றடிப்பூண்டு போதும். பார்த்தீனியத்தைத் தொடாதீர்கள், தோலில் அரிப்பு எடுக்கும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது.

செடியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராமல், பறித்த இடத்திலேயே தாளுக்குள் வையுங்கள். கீழாநெல்லியைப் பறித்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாலே இலைகள் கூம்பத் தொடங்கிவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பது பெரும்பாடு.

படி 2: அடுக்குவது

மடித்த தாளுக்குள் ஒரு செடி, மேலும் கீழும் இரண்டு மூன்று வெறும் தாள், பிறகு ஒரு அட்டை. இப்படியே அடுக்கி, பலகை வைத்து, அரிசிப் பையை ஏற்றுங்கள். நீளமான செடியை வெட்ட வேண்டாம்; ஆங்கில எழுத்து V போலவோ N போலவோ மடக்கி வைக்கலாம்.

படி 3: முதல் தாள் மாற்றம்

எனக்குப் பிடிபட நாளான இடம் இதுதான். புதுச் செடி விறைப்பாக இருக்கும், நாம் வைத்த இடத்தில் நிற்காது. இலை மடங்கும், காம்பு திமிரும். அன்று அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஓர் இரவு கழித்துத் திறந்தால் செடி துவண்டு, சொன்னபடி கேட்கும். அதன் உருவத்தைத் தீர்மானிக்க அந்தக் காலைநேரம்தான் சரி.

ஒரு சிறிய தூரிகையும் நுனி மழுங்கிய இடுக்கியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மடங்கிய இலைகளை நீவிவிடுங்கள். இரண்டு மூன்று இலைகளின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்புங்கள். கீழாநெல்லி என்றால் இது கட்டாயம். கிளையைப் புரட்டினால்தான் இலைகளுக்கு அடியில் கடுகளவுப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தெரியும். குப்பைமேனியில் பூக்களைத் தாங்கும் கிண்ணம் போன்ற பச்சைச் செதில்களை இலை மறைக்கக் கூடாது. தும்பையில் வெள்ளைப் பூ சட்டென்று உதிரும். உதிர்ந்ததை எறியாமல் ஒரு சிறு காகித உறையில் போட்டு அதே தாளுக்குள் வையுங்கள்.

இலைகளை ஒழுங்குபடுத்திய பிறகு புதுத் தாளுக்கு மாற்றுங்கள். ஈரத் தாளை மாடியில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். முதல் நான்கைந்து நாள் தினமும் மாற்ற வேண்டும். ஒருநாள் சோம்பல்பட்டாலும் இலை கறுத்துவிடும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

காய்ந்ததா என்று பார்க்கச் செடியைக் கன்னத்தில் மெல்ல வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மென்மையான செடிகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்க்கலாம் என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலை பழுப்பாகி உடைகிறது.

படி 4: ஒட்டுவது, எழுதுவது

ஹெர்பேரியம் தாள் ஏறத்தாழ 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம் இருக்கும். கெட்டியான ஏ3 தாளே போதும். ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து மெல்லப் பூசி ஒட்டுங்கள். தடித்த காம்பை வெள்ளை நூலால் தைத்துவிடுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகிப் பிசின் கசியும்.

வலப்பக்கக் கீழ் மூலையில் பெயர், இடம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம். நிறத்தைப் பறித்த அன்றே குறித்து வையுங்கள். சங்குப்பூவின் நீலம் நாளாக ஆக வெளுத்துப்போகும். ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர் இருப்பதால் தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது.

திருச்சிக்காரர்கள் ஒரு நல்ல ஹெர்பேரியம் தாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது, அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கியது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும் பெரிய தொகுப்பு உண்டு. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்த சிலர், ஒட்டி வைத்த தாளில் பொடிப்பொடியாகத் தூள் உதிர்கிறது, சின்ன ஓட்டைகள் விழுகின்றன என்று எழுதியிருந்தார்கள். அது பூச்சி. காய்ந்த செடியை ஒட்டுவதற்கு முன் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர் அடங்கும்வரை விடாவிட்டால் செடிமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

பிரண்டை காயவே மாட்டேன் என்கிறது என்றும் கேட்டிருந்தார்கள். தண்டை நீளவாக்கில் இரண்டாகக் கீறி, உள்சதையைக் கரண்டியால் வழித்துவிட்டு, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, ஈரத்தை ஒற்றிவிட்டு அடுக்குங்கள். தாளைக் காலையும் மாலையும் மாற்றினால் காய்ந்துவிடும்.